பத்தொன்பது படங்களில் ஒரு காது

பதினாறு வருஷத்தில் ஒக் ஹேரிம் நாலாயிரம் முகங்களையாவது மறைத்திருப்பாள். எண்ணெயை மாற்றாமல் ஒரு வாரம் கோழி பொரித்த கடைக்காரன், புருஷன் அடித்ததைச் சொல்ல வந்த பெண், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பல் டாக்டர், எல்லாரும் அவள் கை வழியாகச் சதுரம் சதுரமாக உடைந்துதான் டிவிக்குப் போனார்கள். நல்லவன், கெட்டவன், சும்மா தெருவில் போனவன் என்று பார்ப்பதில்லை, மூஞ்சி தெரிந்தால் கட்டம் போட்டு மூடிவிடுவது சியோலில் வழக்கம். ஒருமுறை ஒரு நாய்க்குக்கூடப் போடச் சொன்னார்கள். நாயை வைத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். ஹேரிம் சிரித்துக்கொண்டே அதையும் போட்டுக் கொடுத்தாள்.

சாங்காம் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் நாம்குங் என்பவருடைய பட்டறை இருந்தது. பட்டறை என்றால் இரண்டு அறை, ஒரு தண்ணீர்க் கொதிப்பான், ஒரு கட்டு இன்ஸ்டன்ட் காபி, ஏழு பழைய கம்ப்யூட்டர். அங்கேதான் ஹேரிம் வேலை பார்த்தாள். ஓடுகிற படத்தில் முகத்தின் மேல் ஒரு வளையம் வரைய வேண்டும். முகம் நகர்ந்தால் வளையமும் நகர வேண்டும். நொடிக்கு முப்பது படம். ஓர் ஆள் தும்மினால் பத்துப் பதினைந்து படத்துக்கு வளையத்தைக் கையால் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவார்கள். ஹேரிமுக்கு வேறு எதில் பொறுமை இருந்ததோ இல்லையோ, இதில் இருந்தது.

வரைந்து முடித்தால் வேலை முடிந்தது என்று வெளியாள்தான் நினைப்பான். அதற்குப் பிறகுதான் ரெண்டர். செய்த மாற்றங்களையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் புதிதாக எழுதி வெளியே தள்ள வேண்டும். எந்த அளவு, எந்த வகை, நொடிக்கு எத்தனை, எந்த ஃபோல்டர் என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்கும். கல்யாணத் தரகன் கேட்பதைவிட அதிகமாகக் கேட்கும். ஒன்றுக்குத் தப்பாகப் பதில் சொன்னாலும் பிறகு ஊரே பார்க்கும்.

நாம்குங்குக்குப் புது மெஷின் வாங்க மனசு வராது. அதனால் பழைய ஏழையும் ஒன்றோடொன்று கட்டி, ஒரே ரெண்டரை ஏழுமாகப் பங்கு போட்டுக்கொள்ளும்படி ஹேரிம்தான் அமைத்துக் கொடுத்தாள். முழு வீடியோவாக எழுதாமல் ஒவ்வொரு படமாக எண் போட்டு ஒரே ஃபோல்டரில் எழுத வைப்பாள். ஒரு மெஷின் எழுதிய படத்தையே இன்னொன்றும் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? அதற்கென்று செட்டிங்கில் ஒரு டிக் உண்டு: ‘ஏற்கெனவே இருப்பதைத் தாண்டிப் போ.’ ஃபோல்டரில் அந்த எண்ணில் படம் கிடந்தால் மெஷின் அதைத் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும். கிடப்பது நல்ல படமா கெட்ட படமா என்று அதற்குத் தெரியாது. அதனால் சுவரில் ஹேரிமே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்: ‘மறுபடி ரெண்டர் போடும் முன் பழையதை அழிக்கவும்.’ அதன் அடியில் நாம்குங் பேனாவால் சேர்த்திருந்தார்: ‘என் முதல் கல்யாணத்தையும்.’

மார்ச் மாதம் பியோ என்ற இயக்குநர் ஓர் ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். வட கொரியாவிலிருந்து எல்லை ஆற்றைக் கடந்து தப்பி வந்த பெண்களைப் பற்றியது. அதில் பேசிய நாலு பேரில் மூன்று பேர் முகத்தைக் காட்டச் சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்கு அங்கே யாரும் மிச்சமில்லை. நான்காவது ஆள் மட்டும் முகமும் குரலும் தெரியவே கூடாது என்று சொல்லியிருந்தாள். சொன்னதோடு விடாமல், மூடியதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் விடுவேன் என்று பட்டறைக்கே வந்துவிட்டாள்.

பெயர் ரி போக்சில். ஐம்பத்திரண்டு வயது. இன்ச்சோனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பதினொரு வருஷமாகியும் வடக்கத்திப் பேச்சு போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஹேரிம் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். திரையில் அவளே கட்டம் கட்டமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி சரி,” என்றாள். “இந்தக் காது?”

“காதுல என்ன அக்கா? காத வெச்சு யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க.”

“உங்க ஊர்ல மாட்டாங்க. எங்க ஊர்ல புடிப்பாங்க.” போக்சில் முடியை ஒதுக்கிக் காட்டினாள். இடது காதின் மேல்பாகம், ஒரு கடி கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது. பேட்டியன்று மைக் மாட்டுவதற்காக முடியைத் தூக்கிக் கட்டியிருந்ததால் திரையிலும் அது பளிச்சென்று தெரிந்தது.

“என்ன ஆச்சு?”

“தம்பி பண்ண வேல. போக்நாம். எனக்கு ஒம்பது, அவனுக்கு ஆறு. ஆறு ஒறஞ்சு கெடக்கும்ல, அதுமேல சறுக்குப் பலக. அடியில இரும்புத் தகடு. விழுந்து கெடந்தவ மேல கொண்டாந்து ஏத்திட்டான் பாவி. நான் அழவே இல்ல. அவந்தான் மூணு நாள் சோறு திங்காம அழுதான்.” சொல்லும்போதே சிரித்தாள். “வளந்த பெறகு ஊரெல்லாம் பீத்திக்குவான். எங்கக்கா எங்க தொலஞ்சாலும் கவல இல்ல, நான் அடையாளம் போட்டு வெச்சிருக்கேன், கண்டுபுடிச்சிருவேன்னு. எங்க ஊரு ஹெசான்ல இந்தக் காதத் தெரியாத ஆளே கெடையாது.”

அந்தத் தம்பி இன்னும் ஹெசானில்தான் இருந்தான். பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். வருஷத்துக்கு ஒருமுறை, சூசொக் அறுவடைப் பண்டிகை சமயத்தில், அக்கா அனுப்பும் காசுக்கு எல்லைத் தரகன் திருட்டுத்தனமாகக் கொடுக்கும் சீனா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்க ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைமேல் ஏறிக் கூப்பிடுவான். அக்கா டிவியில் பேசினாள் என்று தெரிந்தால் அவனை என்ன செய்வார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

“அஞ்சு நிமிசம் பேசுவான்,” என்றாள். “அதுல மூணு நிமிசம் இருமுவான். அந்த இருமலுக்காகத்தான் நான் வருசம் பூரா துணி தொவைக்கிறேன்.”

ஹேரிம் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். “அக்கா, காது மட்டுமில்ல, கழுத்து வரைக்கும் மூடிடறேன். உங்க அம்மாவே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது,” என்றாள்.

“அம்மா செத்து இருவது வருசம் ஆச்சு. நீ போக்நாமோட ஊர்க்காரனுக்கு மறை, போதும்.”

முகத்தை மட்டும் மூடிய ரெண்டர் ஏற்கெனவே ‘ஒன்று’ என்ற ஃபோல்டரில் இருந்தது. காதையும் கழுத்தையும் மூடி ஹேரிம் மறுபடி வரைந்தாள். முழுசாக இரண்டு நாள் பிடித்தது. வியாழக்கிழமை நாலு மணிக்குள் சேனலுக்குப் போக வேண்டும். அன்று காலை பதினோரு மணிக்கு ‘இரண்டு’ என்று புது ஃபோல்டர் திறந்து ரெண்டர் போட்டாள். போக்சில் பேசும் நீளமான காட்சிதான் கடைசி. எழுநூற்று நாற்பத்து நாலு படம்.

ஐந்நூற்றிருபது எழுதியிருந்தபோது நான்காம் மெஷின் திணறி நின்றது. அதைத் தட்டி எழுப்புவதற்குள், எழுதியவரை பார்த்துவிடலாமே என்று ஹேரிம் ஓட்டிப் பார்த்தாள். பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. முந்நூற்றொன்றாம் படத்தில் போக்சில் கண்ணைத் துடைக்கத் தலையைச் சட்டென்று திருப்புகிறாள், வளையம் பின்தங்குகிறது, காது வெளியே எட்டிப் பார்க்கிறது. முந்நூற்றிருபதில் மறுபடி மூடிக்கொள்கிறது. பத்தொன்பது படம். ஒரு நொடிகூட இல்லை. ஹேரிம் வளையத்தைச் சரிசெய்தாள்.

ஐந்நூற்றிருபதையும் அழித்து முதலிலிருந்து போட்டால் நாலு மணிக்கு முடியாது. கெட்டுப்போன பத்தொன்பதை மட்டும் அழித்தால் போதும், மெஷின்கள் நல்லதையெல்லாம் தாண்டிப் போய் அந்தப் பத்தொன்பதையும் மிச்சத்தையும் எழுதிவிடும். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அழிக்கப் போகும்போது போன் அடித்தது. பியோ.

“ஹேரிம், ஊர் பேரு எழுத்து ஓடுதே, அது எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு சார்.”

“மொத ரெண்டர்ல இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு தடவ பாத்துச் சொல்லேன், ப்ளீஸ். எனக்கு உயிரே இல்ல இங்க.”

ஹேரிம் ‘ஒன்று’ ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அதிலும் ஊர்ப் பெயர் இல்லை. அதைச் சொன்னாள். அவர் வேறு எதையோ ஆரம்பித்தார். போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கண்ணெதிரே திறந்திருந்த ஃபோல்டரில் முந்நூற்றொன்று முதல் முந்நூற்றுப் பத்தொன்பதுவரை தேர்ந்தெடுத்தாள், அழித்தாள், ரெண்டர் போட்டாள். டிக் இருக்கிறதா என்றும் பார்த்தாள். இருந்தது. சுவரில் அவள் எழுதி ஒட்டிய காகிதம் தலைக்கு மேலேயே இருந்தது.

முடிந்ததும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டாள். பத்தொன்பது படத்தையும் தன் கையால் சரிசெய்து அழித்தவளுக்கு அந்த இடத்தில் என்ன தெரியும்? சரியானதுதான் தெரியும். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவைத்தாள்.

ஏப்ரலில் படம் ஒளிபரப்பானது. மறுநாள் போக்சில் போன் செய்தாள். “யாருன்னே தெரியல தங்கச்சி! எனக்கே என்னத் தெரியல. பாதியில அழுதுட்டேன், அதுக்கப்பறம் எங்க பாத்தேன்.” அடுத்த வாரம் ஒரு டப்பா நிறைய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வந்தது. பனியில் உறைந்த கிழங்கை இடித்து மாவாக்கிச் செய்வது, கறுப்பாக, ரப்பர் மாதிரி இருக்கும். நாம்குங் ஒன்றை மென்று பார்த்துவிட்டு, “இதத் தின்ன பயந்துதான் எல்லாரும் ஆறு தாண்டி வராங்க போல,” என்றார். ஆனாலும் நாலு தின்றார்.

அதற்குப் பிறகு ஹேரிம் அதை மறந்துவிட்டாள். கோடை வந்தது. வேறு முகங்கள் வந்தன.

சூசொக் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மத்தியானம் போக்சில் கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது.

“தங்கச்சி, சாப்ட்டியா?”

“ஆச்சு அக்கா. பண்டிகை எப்டிப் போச்சு?”

“தம்பி போன் வரல.”

ஹேரிம் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“எல்லையில கெடுபிடி சாஸ்தியாம். தரகனும் எடுக்க மாட்டேங்கறான். வேற ரெண்டு பேருக்கும் வரலன்னு சொல்றாங்க. அதான் இருக்கும்.” பின்னால் சலவை மெஷின் சுற்றும் சத்தம் கேட்டது. “ஒன்னே ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. என் காது தெரியலல்ல?”

“ஐயோ, தெரியல அக்கா. நானே இல்ல மறைச்சேன்? நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.”

“சரிதான். நீ சொன்னா சரிதான்.”

போனை வைத்ததும் ஹேரிமுக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது. குடித்தாள். பிறகு, சந்தேகத்தால் அல்ல, சும்மா ஒரு நிம்மதிக்காக, பழைய வேலைகள் இருக்கும் டிஸ்க்கை மாட்டி ‘இரண்டு’ ஃபோல்டரைத் திறந்தாள். எழுநூற்று நாற்பத்து நாலு படம். எல்லாம் இருந்தன. மூடியிருக்கலாம். கை பழக்கத்தில் ‘ஒன்று’ ஃபோல்டரையும் திறந்தது. எழுநூற்று இருபத்தைந்து.

கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முந்நூறுக்கு அடுத்து முந்நூற்றிருபது இருந்தது. அழிக்கக் கூடாத இடத்தில் பத்தொன்பது படம் இல்லை என்றால், அழிக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பதும் பத்திரமாக இருக்கிறது. ‘இரண்டு’க்குத் திரும்பிப் போய் முந்நூற்றுப் பத்தாவது படத்தைத் திறந்தாள். கட்டங்களின் ஓரத்தில், நல்ல வெளிச்சத்தில், கடித்த பிஸ்கட் தெரிந்தது.

மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருப்பதைத் தாண்டிப் போ என்று சொன்னாள், தாண்டிப் போயிற்று.

முதல் காரியமாகப் பியோவைக் கூப்பிட்டு, சேனல் இணையத்தில் போட்டிருந்த படத்தை உடனே எடுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்டார். சொன்னாள். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஐந்து மாதமாகக் கிடந்திருக்கிறது. யார் யார் பார்த்தார்கள், யார் யார் நகல் எடுத்தார்கள், கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நாம்குங் காபியைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். எதற்கெடுத்தாலும் கேலி பேசும் மனுஷன் அன்று கேலி பேசவில்லை.

“காதப் பாத்துத்தான் ஏதாவது ஆச்சுன்னு யாரு சொன்னா? மொதல்ல அவனுக்கு ஏதாவது ஆச்சான்னே தெரியல. சீனா போன் வெச்சிருக்கவன புடிக்க காது வேணுமா?”

“தெரியல சார்.”

“அஞ்சு கோடிப் பேர்ல ஒருத்தன்கூட கவனிக்கல. நீயே கவனிக்கல.”

“கவனிக்க வேண்டியவன் அந்த அஞ்சு கோடில இல்லையே சார்.”

“சரி, போய் சொல்லப் போற. சொன்னா அந்தம்மாவுக்கு என்ன ஆகும்? தம்பி போன் வந்துருமா? உனக்கு மனசு லேசாகும், அவ்வளவுதான். உன் மூட்டைய எறக்கி அவ தலைல வெச்சுட்டு வரப் போற. இது நியாயமா, சொல்லு?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஐந்து நாள் ஹேரிம் அதையே புரட்டிப் பார்த்தாள். ஆனால் போனில் தான் சொன்ன அந்த வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ‘ஐயோ, தெரியல அக்கா.’ எவ்வளவு சுளுவாக வந்தது.

சனிக்கிழமை காலையில் ரயில் ஏறி இன்ச்சோன் போனாள். போக்சில் குடியிருந்தது ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில். தரையில் போர்வை விரித்து, ஆஸ்பத்திரித் துணி மடிப்பது போல ஓரம் ஒட்டித் தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஹேரிமைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “அடியே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற! உக்காரு, பார்லித் தண்ணி கொண்டாரேன்.”

“வேணாம் அக்கா. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.”

நின்றுகொண்டே சொன்னாள். ஃபோல்டர், எண், டிக் என்று அவள் விளக்கியதில் பாதி போக்சிலுக்குப் புரிந்திருக்காது. காது என்ற வார்த்தை புரிந்தது. கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“காட்டு.”

ஹேரிம் போனில் அந்தத் துண்டை ஓட்டிக் காட்டினாள். அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. “இன்னொரு தடவ,” என்றாள் போக்சில். பிறகு இன்னொரு தடவை. எட்டு ஒன்பது தடவை பார்த்திருப்பாள். பிறகு படத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பார்த்தாள்.

“என் காதுதான்,” என்றாள். “நல்லாத்தான் விழுந்திருக்கு.”

“அக்கா, என்ன மன்னிச்சிருங்கன்னு கேக்க வரல. கேக்க எனக்கு வாய் இல்ல.”

“அன்னிக்கு நான் போன்ல கேட்டப்போ தெரியலன்னு சொன்னியே. அப்ப இது தெரியுமா உனக்கு?”

“சத்தியமா தெரியாது அக்கா. போன வெச்சிட்டுத்தான் போய்ப் பாத்தேன்.”

“பாக்காமயே சொன்ன.”

“ஆமா.”

“நான் ஒரு வருசமா அவன் இருமுறதக் கேக்கக் காத்துக்கெடக்கேன். நீ ஒரு நிமிசம் எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு சொல்லியிருக்கலாம். கைதான் தப்புப் பண்ணும், வேலன்னா தப்பு வரும், எனக்குத் தெரியாதா? நானும் வேல செய்யறவதான். ரத்தக்கறையோட வெள்ளத் துணிய அனுப்பி ஏச்சு வாங்கியிருக்கேன். ஆனா பாக்காம சொன்ன பாரு, அது கை இல்ல.”

ஹேரிம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது. இங்கே அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் துடைத்துக்கொண்டாள்.

“எந்திரி,” என்றாள் போக்சில், நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்து. பிறகுதான் அவள் நிற்கிறாள் என்று கவனித்தவள் போல, “போ. இப்ப போ,” என்றாள். கதவைச் சாத்தும்போது அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். படி இறங்கும்வரை தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் பியோ வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். தரகன் பேசினானாம். போக்நாமின் வீடு மே மாதத்திலிருந்து காலியாக இருக்கிறதாம். ஓர் இரவில் குடும்பத்தோடு பிடித்து ஏற்றிப்போக லாரி வந்தது என்கிறார்கள் சிலர். இல்லை, அதற்கு முன்பே அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆற்றைத் தாண்டிவிட்டான், லாரி காலி வீட்டுக்குத்தான் வந்தது என்கிறார்கள் சிலர். எது நிஜம் என்று தரகனுக்கும் தெரியவில்லை. காதால் வந்ததா, போனால் வந்ததா, பக்கத்து வீட்டுக்காரன் பொறாமையால் வந்ததா, அதுவும் தெரியவில்லை. இனி தெரியப்போவதும் இல்லை.

“மே மாசம்,” என்றாள் ஹேரிம்.

“மே மாசம்தான்,” என்றார் பியோ.

படம் வந்தது ஏப்ரலில்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெளியே நுண்ணிய பனி விழுந்துகொண்டிருந்த பத்து மணிக்கு, போக்சில் பட்டறைக்கு வந்தாள். கூட யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். முடியைத் தூக்கி இறுக்கக் கட்டியிருந்தாள், காது தெரியும்படி. நாம்குங் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, வணக்கம் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே வெளியே போய்விட்டார்.

“அந்த நான் பேசுன படம், மூடாதது, இருக்கா?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அன்பும் இல்லை. வேலை கொடுக்க வந்தவளின் குரல்.

“இருக்கு அக்கா.”

“மூடாம போட்டுக் குடு. மூஞ்சி, காது, எல்லாம் தெரியணும். கொரலையும் மாத்தாத. பேரு, ஊரு, தம்பி பேரு, அவன் பொண்டாட்டி பிள்ளைங்க பேரு, எல்லாம் எழுதிடு. பியோகிட்ட பேசிட்டேன்.”

ஹேரிம் அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கட்டத்தை எடு என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. “அக்கா, ஒருவேள அவரு அங்கயே இருந்தா…”

“அங்க இருந்தான்னா அவனுக்கு வர வேண்டியது வந்தாச்சு. இனி நான் மறைஞ்சு ஆகப்போறது ஒன்னுமில்ல. தாண்டியிருந்தான்னா சீனாவுல எங்கயாச்சும் கெடப்பான். யாரு போன்லயாவது பாப்பான்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இத்தன நாளு நான் மூஞ்சிய மூடுனது அவன் வீட்டுல இருக்கான்னு நம்பித்தான். இப்ப வீடே காலி. யாருக்காக மூடறது?”

ஹேரிம் பழைய வேலையைத் திறந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து படம் படமாக நகர்த்திய வளையம். அதன் மேல் கை வைத்து ஒரே தட்டில் எடுத்துவிட்டாள். சதுரங்கள் போயின. உள்ளே இருந்த முகம் திரை நிறைய வந்து நின்றது.

போக்சில் முன்னால் நகர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது யாரு இந்தக் கெழவி,” என்றாள். “நான் ஆத்துல எறங்கினப்போ எனக்கு நாப்பத்தொன்னு. முடியெல்லாம் கருகருன்னு இருக்கும். இந்த மூஞ்சிய அவன் பாத்ததே இல்ல தங்கச்சி. பாத்தா அக்கான்னு தெரியுமா அவனுக்கு?”

அந்த ‘தங்கச்சி’ தெரியாமல் வாயில் வந்ததா, வேண்டும் என்றே வந்ததா என்று ஹேரிமால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியும் அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த முறை சொல்லவில்லை.

திரையில் போக்சில் கண்ணைத் துடைக்கத் தலையைத் திருப்பினாள். அந்த இடத்தில் ஹேரிம் படத்தை நிறுத்தினாள்.

“இந்த எடத்துல கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்கட்டுமா அக்கா?”

போக்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது. “நிறுத்து,” என்றாள். “நல்லா நிறுத்து. எத்தன நேரம் நிறுத்த முடியும்?”

“எவ்வளவு வேணாலும்.”

ஹேரிம் அந்த ஒரு படத்தையே பத்து நொடிக்கு நீட்டினாள். ரெண்டர் பெட்டி வந்து தன் கேள்விகளைக் கேட்டது. இருப்பதிலேயே பெரிய அளவைக் கொடுத்தாள். புது ஃபோல்டர் திறந்து, அது காலியாக இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தாள். டிக்கை எடுத்தாள். ஏழு மெஷின் வேண்டாம், ஒன்றே எழுதட்டும் என்று விட்டாள். பிறகு ஒவ்வொரு படமாக எழுதி முடிய முடிய, ஒன்றுவிடாமல், இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.